களியாட்ட நகரத்தின் கணக்கு: லாஸ் வேகஸில் முதல் மூன்று நாள்கள்

#1 காசாளர் (மதுரை)

அன்பர்களுக்கு வணக்கம். வங்கியில் 34 ஆண்டுகள் பணியாற்றி, அவற்றில் பெரும்பகுதியைக் காசாளர் கூண்டுக்குள்ளேயே கழித்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற மார்ச் மாதம் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் உள்ள மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, மருமகன் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்களை லாஸ் வேகஸுக்குக் காரில் அழைத்துச் சென்றார். சூதாட்ட ஊரில் நமக்கு என்ன வேலை என்று என் மனைவி வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஊர் திரும்பி ஏழு மாதங்கள் ஆகியும் அந்த நினைவு அடங்காததால் இங்கே எழுதுகிறேன். அங்கேயே வசிப்பவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். பிழை கண்டால் திருத்துங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து ஐந்து மணி நேரப் பயணம். வழியெல்லாம் கரடும் முட்புதரும்தான். ஹூவர் அணைக்கு அருகே கொலராடோ ஆற்றின்மேல் 2010இல் திறக்கப்பட்ட உயரமான பாலத்தைக் கடந்தால் நெவாடா மாநிலம். இருட்டிய பிறகு ஊருக்குள் இறங்கினோம். பள்ளத்தாக்கு முழுவதும் விளக்குகள் சிந்திக் கிடக்க, அவற்றின் நடுவே ஒரு கறுப்புக் கூம்பின் உச்சியிலிருந்து வானத்தை நோக்கி ஓர் ஒளித்தூண் நேராக ஏறியது. எகிப்தியப் பிரமிடைப் போல 1993இல் கட்டப்பட்ட லக்ஸர் விடுதி அது. என் மனைவியின் முணுமுணுப்பு அந்த இடத்தில் நின்றது.

விடுதியின் பெயர் வேண்டாம். இரவுக்கு 42 டாலர் என்று பார்த்துத்தான் மருமகன் அறையைப் பதிவு செய்திருந்தார். வரவேற்பு மேசையில், அந்த 42 டாலரோடு 'ரிசார்ட் கட்டணம்' என்று இரவுக்கு 45 டாலரும், இரண்டுக்கும் சேர்த்து வரியும் கேட்டார்கள். எதற்கு என்றால், நீச்சல் குளம், இணையம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றுக்கு என்றார்கள். எனக்கு நீந்தத் தெரியாது என்றேன். அந்தப் பெண் சிரித்தாரே தவிர, கட்டணத்தைக் குறைக்கவில்லை. அசலைவிட வட்டி பெரிதாக இருப்பதை நான் கந்துவட்டிக் கடைகளில்தான் கேள்விப்பட்டிருந்தேன்.

அறைக்குப் போகும் மின்தூக்கி எங்கே என்று கேட்டபோது, சூதாட்டக்கூடத்தின் ஊடே கைகாட்டினார்கள். பெட்டிகளை இழுத்துக்கொண்டு எந்திரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து செல்லும் கம்பளப் பாதையில் ஏழெட்டு நிமிடம் நடந்தோம். சிகரெட் புகையும் அதை மறைப்பதற்காகக் காற்றில் கலந்துவிடும் நறுமணமும் சேர்ந்து மூக்கில் ஏறின. சுவர்க் கடிகாரம் ஒன்று இருக்கிறதா என்று மூன்று நாளும் தேடினேன், கண்ணில் படவில்லை.

தெருவில் இறங்கினால் வேறொரு வியப்பு. எதிரே தெரியும் கட்டடம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். நடந்தால் அரை மணி நேரம் ஆகும். கட்டடங்கள் அவ்வளவு பெரியவை என்பதால் கண் தூரத்தைத் தவறாக எடைபோடுகிறது. பல சந்திப்புகளில் சாலையை நேராகக் கடக்க முடியாது. நகரும் படிக்கட்டில் ஏறி, நடைமேம்பாலத்தைக் கடந்து, மறுபுறம் இறங்கினால் பெரும்பாலும் இன்னொரு சூதாட்டக்கூடத்தின் வாசலில் நிற்போம். ஒரு பாலத்தின் நடுவில் நின்று படம் எடுக்க முயன்றேன். நிற்கக் கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்றார் காவலர். பாலங்களில் நிற்பதைத் தடை செய்து 2024 ஜனவரியில் சட்டமே இயற்றியிருக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன்.

பெலாஜியோ விடுதியின் முன்னால் உள்ள ஏரியில் நீரூற்றுகள் இசைக்கேற்ப 460 அடி உயரம் வரை எழுகின்றன. கட்டணம் இல்லை. பாலைவனத்தில் இவ்வளவு தண்ணீரை விளையாட்டுக்குச் செலவழிக்கிறார்களே என்று மனம் பதைத்தது. வைகை வறண்ட கோடைகளில் குடத்தோடு வரிசையில் நின்ற குடும்பம் எங்களுடையது.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதையெல்லாம் அல்ல. இரண்டாம் நாள் இரவு பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் நடக்கும் ஒரு மேசைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, ஏறக்குறைய ஒரு மணி நேரம் சீட்டு வழங்குபவரின் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாட வந்தவர் ஒரு நூறு டாலர் தாளை நீட்டினார். அந்த அம்மையார் அதைக் கையில் வாங்கவில்லை. மேசைமேல் வைக்கச் சொல்லி, தாளை விரித்து, மேலே உள்ள ஒளிப்படக் கருவிக்கு முகம் தெரியும்படி கிடத்தி, தொகையை உரக்கச் சொன்னார். பின்னால் நின்ற மேற்பார்வையாளர் தலையசைத்தார். அதன் பிறகே பணத்துக்கு ஈடான வில்லைகளை எண்ணி, அடுக்கி, ஒருமுறை பரப்பிக் காட்டி, விளையாடுபவர் பக்கம் தள்ளினார். தாளை மேசையில் இருந்த ஒரு கீற்றுக்குள் தட்டையான துடுப்பால் அழுத்தி இறக்கினார். அரை மணி நேரத்தில் அவருக்கு ஓய்வு வந்தது. எழுவதற்கு முன் இரு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தட்டி, திருப்பிக் காட்டினார். அவர் கையில் எதுவும் ஒட்டிக்கொண்டு போகவில்லை என்று மேலே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அறிவிப்பதாம் அது.

என் 34 ஆண்டுப் பணியில் இவ்வளவு ஒழுங்காகப் பணம் கைமாறியதை நான் கண்டதில்லை. நாங்களும் தாளை எண்ணினோம், கட்டினோம், கையொப்பமிட்டோம். ஆயினும் மாலை நேரக் கூட்டத்தில் கை தவறிய நாள்கள் உண்டு. அங்கே கை தவறுவதற்கு இடமே வைக்கவில்லை. ஊதாரிகளின் ஊர் என்று நினைத்துச் சென்றேன். இவ்வளவு கணக்குப் பார்க்கும் ஊரை நான் வேறெங்கும் கண்டதில்லை. பணம், நேரம், நடை எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள். எண்ணாமல் இருப்பவர் வந்த விருந்தினர் மட்டுமே.

நானும் விளையாடினேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஸ்லாட் என்ற சூதாட்ட எந்திரம் ஒன்றில் 20 டாலர். பதினொரு நிமிடம்.

#2 பாலைவாசி (ஹெண்டர்சன், நெவாடா)

காசாளர் ஐயா, வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் சரி. இரண்டு இடங்களில் மட்டும் குறுக்கிடுகிறேன்.

முதலாவது, நீங்கள் லாஸ் வேகஸ் நகரத்தில் தங்கவே இல்லை. 'ஸ்ட்ரிப்' என்று அழைக்கப்படும் அந்த நாலு மைல் சாலையின் பெரும்பகுதி, சஹாரா அவென்யூவுக்குத் தெற்கே, நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. நகராட்சி தங்களைச் சேர்த்துக்கொண்டு வரி விதித்துவிடக் கூடாது என்பதற்காக, 1950இல் சூதாட்ட விடுதிக்காரர்கள் முனைந்து அந்தப் பகுதியைத் தனி ஊராக அறிவிக்கச் செய்தார்கள். அந்த ஊரின் பெயர் பாரடைஸ், அதாவது சொர்க்கம். நகர மேயருக்கு அங்கே அதிகாரம் இல்லை. எல்லாம் கிளார்க் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகத்தின் கையில். நீங்கள் சொன்ன பாலச் சட்டமும் அவர்கள் இயற்றியதுதான். கணக்கின் முதல் வரியே இதுதான்.

இரண்டாவது, தண்ணீர். வெளியூரிலிருந்து வரும் எல்லாரும் அந்த நீரூற்றைப் பார்த்துத்தான் கோபப்படுகிறார்கள். நானும் வந்த புதிதில் அப்படித்தான் இருந்தேன். அந்த இடத்தில் முன்பு டியூன்ஸ் என்ற விடுதியும் அதன் கோல்ஃப் மைதானமும் இருந்தன. 1993இல் டியூன்ஸை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1998இல் பெலாஜியோ திறந்தது. கோல்ஃப் புல்லுக்குப் பாய்ச்சிய அதே கிணற்று நீர் உரிமையில்தான் ஏரி நிரம்புகிறது. ஊருக்குக் குடிநீர் வரும் வழி வேறு.

எங்கள் குடிநீரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு கொலராடோ ஆற்றிலிருந்து, அதாவது ஹூவர் அணை தேக்கி வைத்திருக்கும் மீட் ஏரியிலிருந்து வருகிறது. ஆற்றுநீரைப் பங்கிட்ட ஏற்பாட்டில் கலிஃபோர்னியாவுக்கு ஆண்டுக்கு 44 இலட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி), அரிசோனாவுக்கு 28 இலட்சம், நெவாடாவுக்கு வெறும் 3 இலட்சம். 1928இல் சட்டமானபோது இங்கே மனிதர்களே அதிகம் இல்லை. இந்தச் சிறிய பங்கை வைத்து 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களும், ஆண்டுக்கு 4 கோடிப் பயணிகளும் எப்படி வாழ்கிறார்கள் என்பதில்தான் உங்கள் கணக்கு வாதம் மெய்யாகிறது. கட்டடத்துக்குள் பயன்படுத்தும் நீர், குளித்ததும் கழுவியதும் கழிவறையில் விட்டதும், சுத்திகரிக்கப்பட்டு ஓர் ஓடை வழியாக மீண்டும் மீட் ஏரிக்கே போகிறது. திருப்பிக் கொடுத்த அளவுக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வங்கி மொழியில் சொன்னால், பற்றில் எழுதியது வரவில் திரும்புகிறது. ஆகவே நீங்கள் விடுதியில் எத்தனை முறை குளித்தாலும் எங்களுக்கு நட்டம் பெரிதில்லை. வீட்டு வாசலில் புல் வளர்த்தால் பாய்ச்சிய நீர் ஆவியாகிவிடும், அது திரும்பாது. அதனால்தான் புல்லைப் பெயர்த்தெடுத்தால் சதுர அடிக்கு இவ்வளவு என்று நீர்வாரியம் காசு கொடுக்கிறது. யாரும் மிதிக்காத அலங்காரப் புல்லுக்கு 2026 இறுதியோடு ஆற்றுநீர் கிடையாது என்று 2021இல் சட்டமும் வந்துவிட்டது. என் வீட்டு முன்புறத்தில் இப்போது கருங்கல் சல்லியும் இரண்டு கற்றாழையும்தான். அம்மா ஊரிலிருந்து வந்தபோது, வீட்டுக்கு முன்னால் இன்னும் கட்டட வேலை முடியவில்லையா என்று கேட்டார்கள்.

#3 செங்காந்தள் (லாஸ் ஏஞ்சலஸ்)

இருவர் எழுதியதையும் படித்தேன். கணக்கு, ஒழுங்கு என்று வியப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. யாருடைய கணக்கு என்று கேட்க வேண்டாமா?

இந்த ஊர் 1905 மே 15 அன்று ஓர் இரயில் நிறுவனம் மனைகளை ஏலம் விட்டுப் பிறந்தது. 1931இல் நெவாடா சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டில் அணை வேலை தொடங்க, ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் கையில் சம்பளத்தோடு பக்கத்தில் இருந்தார்கள். அவர்களுக்காக மத்திய அரசு கட்டிய போல்டர் சிட்டியில் சூதாட்டத்துக்கு அன்றும் தடை, இன்றும் தடை. அங்கே தடை இருந்ததால்தான் சம்பள நாளில் வண்டிகள் லாஸ் வேகஸுக்கு ஓடின. காசாளர் ஐயா கடந்து வந்த பாதை அதுதான். ஒளித்தூணைப் பார்ப்பதற்குச் சற்று முன்பு அந்தச் சின்ன ஊரின் அருகே வந்திருப்பீர்கள்.

1946 டிசம்பரில் ஃபிளமிங்கோ விடுதியைத் திறந்தவர் பக்ஸி சீகல் என்ற கொலைகாரக் கும்பல்காரர். அடுத்த ஆண்டே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காலத்து விடுதிகளில் எண்ணும் அறையிலேயே பணத்தை ஒதுக்கிவிட்டு, மீதியைத்தான் அரசுக்குக் காட்டினார்கள். நீங்கள் பார்த்த உள்ளங்கை தட்டலும் கருவிகளும் நேர்மையினால் பிறந்தவை அல்ல. ஒருவரை ஒருவர் நம்ப முடியாத தொழிலில் திருட்டுக்குப் பின் திருட்டாகக் கற்றுக்கொண்டவை.

இன்னொன்றும் உண்டு. அந்நாளில் கறுப்பினப் பாடகர் சாம்மி டேவிஸ் ஜூனியர் மேடையில் பாடினால் அரங்கம் நிறையும். பாடி முடித்தபின் அதே விடுதியில் அவருக்கு அறை கிடையாது. கறுப்பினத்தவர் ஊரின் மேற்குப் பகுதிக்குப் போய்த்தான் தங்க வேண்டும். எல்லா இனத்தவரும் சேர்ந்து அமரலாம் என்று 1955 மே மாதம் அந்தப் பகுதியில் திறந்த மூலான் ரூஜ் என்ற விடுதி அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே மூடப்பட்டது. 1960 மார்ச்சில், கறுப்பின மக்கள் ஊர்வலம் போவதாக அறிவித்த பிறகே, அவர்களையும் அனுமதிக்கும் ஒப்பந்தத்துக்கு ஸ்ட்ரிப் விடுதிகள் வந்தன. இதுவும் அந்த ஊரின் பேரேட்டில் இருக்கிறது. புரட்டினால்தான் தெரியும்.

#4 காசாளர் (மதுரை)

பாலைவாசி, தண்ணீர்க் கணக்கு என் கண்ணைத் திறந்தது. நீரூற்றைப் பற்றி எழுதிய வரியைத் திரும்பப் பெறுகிறேன். உங்கள் தாயார் கேட்ட கேள்வியை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். ஃபீனிக்ஸில் மகள் வீட்டு வாசலைப் பார்த்து அவரும் அதையேதான் கேட்டாராம்.

செங்காந்தள் அம்மா, நான் ஒழுங்கைக் கண்டு வியந்தேனே தவிர, அதை அறம் என்று சொல்லவில்லை. வங்கியிலும் இரட்டைப் பூட்டு வந்தது எல்லாரும் யோக்கியர் என்பதனால் அன்று. அந்த வகையில் நீங்கள் சொல்வது எனக்குப் புதிதில்லை. ஆனால் அறை துப்புரவு செய்யும் பெண்கள், சமையலறையில் இருப்பவர்கள் ஆகியோரும் அந்தப் பேரேட்டில்தானே இருக்கிறார்கள்? அவர்களைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. எங்கள் தளத்தில் பணிபுரிந்த அம்மையார், தன் சம்பளத்தில் வீடு வாங்கியிருப்பதாக என் மகளிடம் சொன்னார். நம் ஊரில் விடுதியில் அறை பெருக்குபவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

#5 செங்காந்தள் (லாஸ் ஏஞ்சலஸ்)

நியாயமான கேள்வி, ஐயா. அந்த அம்மையாரின் வீட்டுக்குப் பின்னால் இருப்பது விடுதியின் தாராள மனம் அன்று, சங்கம். கலினரி யூனியன் 226 என்று அழைப்பார்கள். சமையல், பரிமாறல், அறைப் பணி ஆகியவற்றில் உள்ள ஏறக்குறைய 60,000 பேர் அதில் இருக்கிறார்கள். ஃபிரான்டியர் விடுதியின் வாசலில் 1991 செப்டம்பர் 21 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் ஆறு ஆண்டுகள், நான்கு மாதங்கள், பத்து நாள்கள் நீடித்து 1998 பிப்ரவரியில் வெற்றியோடு முடிந்தது. கோடையில் 45 பாகையைத் தாண்டும் வெயிலில், நாள் முழுவதும், இரவு முழுவதும் மறியல். வேலைநிறுத்தம் செய்த 550 பேரில் ஒருவர்கூட இடையில் மறியல் வரிசையைக் கடந்து வேலைக்குத் திரும்பவில்லை. ஸ்ட்ரிப்பில் எனக்கு மதிப்புள்ள இடம் அந்த வாசல்தான். விடுதியை 2007இல் இடித்துவிட்டார்கள்.

#6 நிரலாளன் (ரீனோ, நெவாடா)

ஸ்லாட் எந்திரங்களுக்கான மென்பொருளைச் சோதிப்பது என் தொழில். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல இயலாது. ஐயாவின் பதினொரு நிமிடத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பயணிகள் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் அது.

எந்திரத்துக்குள் எண்களை உருவாக்கும் நிரல் யாரும் விளையாடாதபோதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தும் கணத்தில் எந்த எண் அகப்படுகிறதோ அதுதான் முடிவு. அதற்குப் பிறகு உருளைகள் சுழல்வது வெறும் காட்சி. ஆகவே, நான் எழுந்தவுடன் அடுத்தவர் உட்கார்ந்து அள்ளிவிட்டார், இன்னும் ஒரு முறை அழுத்தியிருந்தால் எனக்கே கிடைத்திருக்கும் என்று புலம்புவதில் பொருளில்லை. ஒரு நொடியின் சிறு பின்னம் தள்ளி அழுத்தியிருந்தாலும் வேறு எண் வந்திருக்கும். 'ரொம்ப நேரமாகக் கொடுக்கவில்லை, இனிக் கொடுத்தே ஆக வேண்டும்' என்பதும் அப்படியே. எந்திரத்துக்கு நினைவு கிடையாது.

நீண்ட கால அளவில், போட்ட பணத்தில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் எந்திரம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நெவாடா விதி. நடப்பில் அதைவிடக் கூடுதலாகவே கொடுக்கிறார்கள். ஆள் உட்கார்ந்திருக்கும்போது விகிதத்தை மாற்றுகிறார்கள் என்ற பேச்சும் பொய். எந்திரம் சற்று நேரம் சும்மா இருந்த பிறகே மாற்றலாம். மாற்றும்போதும் சற்று நேரம் யாரும் விளையாட முடியாதபடி அதை நிறுத்தி வைக்க வேண்டும்.

ஆனால் மேசைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முதல் இரண்டு சீட்டின் கூட்டுத்தொகையே 21 வந்தால் பத்து டாலர் பந்தயத்துக்குப் பதினைந்து டாலர் கொடுப்பது பிளாக்ஜாக்கின் பழைய வழக்கம். இப்போது ஸ்ட்ரிப்பில் குறைந்த தொகை மேசைகள் பெரும்பாலானவற்றில் பன்னிரண்டுதான். மேசை விரிப்பில் '6க்கு 5' என்று அச்சிட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ரூலெட் சக்கரத்தில் ஒரு பூச்சியம் இருந்தால் நூறு டாலர் பந்தயத்துக்குச் சராசரியாக 2.70 டாலர் விடுதிக்குப் போகும். இரண்டு பூச்சியம் என்றால் 5.26. மூன்று பூச்சியச் சக்கரங்களும் வந்துவிட்டன, அவற்றில் 7.69. நுழையும்போது சக்கரத்தில் பூச்சியத்தை எண்ணிவிட்டு உட்காருங்கள். அல்லது உட்காராதீர்கள்.

#7 சிங்கைவாணன் (சிங்கப்பூர்)

ஒரு சிறு குறிப்பு. எங்கள் மரினா பே சாண்ட்ஸைக் கட்டிய நிறுவனத்தின் பெயர் லாஸ் வேகஸ் சாண்ட்ஸ். வெனிஸ் நகரத்துக் கால்வாயும் படகும் வண்ணம் தீட்டிய வானமுமாக 1999இல் லாஸ் வேகஸில் வெனீஷியன் விடுதியைத் திறந்தவர்களும் அவர்களே. 2022இல் அதை விற்றுவிட்டார்கள். இப்போது பெயரில் லாஸ் வேகஸ் இருக்கிறது, அந்த ஊரில் அவர்களுக்கு ஒரு சூதாட்டக்கூடம்கூட இல்லை. இருப்பவை சீனாவின் மக்காவ் நகரிலும் இங்கேயும்தான். சூதாட்ட வருவாயில் 2006இலேயே மக்காவ் ஸ்ட்ரிப்பை முந்திவிட்டது.

இங்கே குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழைவதற்கே 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கட்ட வேண்டும். லாஸ் வேகஸில் உள்ளூர்க்காரருக்கு அப்படி ஏதேனும் தடை உண்டா?

#8 பாலைவாசி (ஹெண்டர்சன், நெவாடா)

தடையா! மளிகைக் கடை வாசலிலும் பெட்ரோல் நிலையத்திலும் எந்திரம் இருக்கிறது. விமானத்திலிருந்து இறங்கி வெளியேறும் வழியிலேயே வரிசையாக இருக்கிறது. 21 வயது நிறைந்திருந்தால் போதும். இவ்வளவுக்கும் நெவாடாவில் அரசு லாட்டரி கிடையாது. மாநில அரசியலமைப்பிலேயே அதற்குத் தடை. லாட்டரிச் சீட்டு வேண்டுமென்றால் கலிஃபோர்னியா எல்லையைத் தாண்டி, முதலில் வரும் கடையில் வரிசையில் நிற்கிறார்கள். பெரிய பரிசு ஏறும் வாரங்களில் அந்த வரிசை கடைக்கு வெளியே வெயிலில் நீளும்.

#9 முதற்பயணி (சென்னை)

வணக்கம். பிப்ரவரியில் கணவரும் நானும் பத்து, ஆறு வயதுப் பிள்ளைகளும் கலிஃபோர்னியாவிலிருந்து செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். நாங்கள் சைவம். பிள்ளைகளோடு போகத்தக்க ஊரா? கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம் என்று பயண முகவர் சொல்கிறார். ரிசார்ட் கட்டணத்தைப் படித்ததும் சற்று அச்சமாக இருக்கிறது.

#10 பாலைவாசி (ஹெண்டர்சன், நெவாடா)

சகோதரி, கட்டணத்தைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். 2025 மே 12 முதல், கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த தொகையையே முதலில் காட்ட வேண்டும் என்ற மத்திய அரசு விதி நடப்பில் இருக்கிறது. கட்டணம் ஒழியவில்லை, மறைத்து வைக்க முடியாது, அவ்வளவுதான். கார் நிறுத்தத்துக்கும் பல விடுதிகளில் தனியாக வாங்குவார்கள். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் சூதாட்டக்கூடத்தின் பாதையில் நடந்து கடக்கலாம், நிற்கக் கூடாது. ஆறு வயதுக்காரருக்கு ஓர் எந்திரத்தின் அருகே செருப்பு வார் கழன்றால்கூட யாராவது வந்து நகரச் சொல்வார்கள். 1990களில் இந்த ஊர் குடும்பங்களை அழைத்துப் பார்த்தது. கோட்டை வடிவ விடுதி, கடற்கொள்ளையர் கப்பல், கேளிக்கைப் பூங்கா என்று கட்டினார்கள். பிள்ளைகளோடு வருபவர் மேசையில் உட்காரமாட்டார் என்பது விரைவிலேயே விளங்கிவிட்டது. அதன் எச்சங்கள் இன்றும் இருப்பதால் உங்களுக்கு ஒரு நாள் இனிதாகக் கழியும். பெலாஜியோ நீரூற்று, வெனீஷியன் படகுகள், ஃபிரீமான்ட் தெருவின் ஒளிக்கூரை, வெளியிலிருந்து பார்க்கும் 'ஸ்ஃபியர்' என்ற மாபெரும் உருண்டை. கடைசியாகச் சொன்னது 2023இல் திறந்தது. 366 அடி உயரம். இரவில் அதன் மேற்பரப்பு முழுவதும் படமாக ஓடும். என் மகன் அதை 'கண் சிமிட்டும் பூசணிக்காய்' என்பான். புகை ஒவ்வாதென்றால் பார்க் எம்ஜிஎம் என்ற விடுதியில் புகைபிடிக்கத் தடை உண்டு.

கிராண்ட் கேன்யன் விஷயத்தில் முகவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடியது மேற்கு விளிம்பு. ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம், இரண்டரை மணி நேரப் பயணம், நுழைவுக் கட்டணம் தனி. படங்களில் நாம் பார்த்துப் பழகிய தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்புக்கு ஒரு வழிக்கே நாலரை மணி நேரம். பிப்ரவரியில் அங்கே பனி இருக்கும். எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். பிள்ளைகள் சிறியவர்கள் என்பதால், ஊருக்கு மேற்கே அரை மணி நேரத்தில் உள்ள ரெட் ராக் பாறைகளையே நான் பரிந்துரைப்பேன்.

சைவ உணவுக்குப் பஞ்சமில்லை. ஸ்ட்ரிப்பை விட்டுச் சற்று வெளியே வந்தால் தோசையும் கிடைக்கும்.

#11 காசாளர் (மதுரை)

முதற்பயணி அம்மா, ஓர் அனுபவத்தை மட்டும் சேர்க்கிறேன். நல்ல காலணி போட்டுக்கொண்டு போங்கள். என் மனைவி புதுச் செருப்போடு வந்து, இரண்டாம் நாள் பாரிஸ் விடுதியின் ஈஃபில் கோபுரத்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். அசலில் பாதி உயரமாம் அந்தக் கோபுரம். கால் வலி முழு அளவு.

நிரலாளன் எழுதியதைப் படித்ததும் மார்ச் மாதம் போட்டிருந்த சட்டையைத் தேடி எடுத்தேன். எந்திரத்தில் இப்போது நாணயம் கொட்டுவதில்லை. சத்தம் மட்டும் ஒலிபெருக்கியில் வருகிறது. எழும்போது ஒரு சீட்டு அச்சாகி வந்தது. அந்த ஆட்டத்துக்குக் குறைந்தபட்சப் பந்தயம் 50 சென்ட் என்பதால் மீதி 40 சென்ட்டை வைத்து மேலும் விளையாட முடியவில்லை. மாற்றுவதற்கு வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டுச் சட்டைப் பையில் போட்டேன். மகள் வீட்டுத் துவைக்கும் எந்திரத்துக்கும் தப்பி, மதுரை வந்து சேர்ந்து, இப்போது மேசைமேல் இருக்கிறது. 180 நாள்கள் செல்லும் என்று அச்சிட்டிருக்கிறது. செப்டம்பரிலேயே காலாவதி. மாற்றாமல் விட்ட காசு என்ன ஆகும், நிரலாளன்? வங்கியில் உரிமை கோராத வைப்புகளுக்குத் தனிப் பதிவேடு உண்டு.

#12 நிரலாளன் (ரீனோ, நெவாடா)

இங்கும் உண்டு, ஐயா. காலாவதியான சீட்டுகளின் தொகையில் 75 விழுக்காடு மாநிலப் பொது நிதிக்குச் செல்ல வேண்டும், 25 விழுக்காட்டை விடுதி வைத்துக்கொள்ளலாம் என்று 2011இல் சட்டம் வந்தது. அதற்கு முன் முழுவதும் விடுதிக்கே.

#13 காசாளர் (மதுரை)

அப்படியானால் மாநில அரசுக்கு 30 சென்ட், விடுதிக்கு 10 சென்ட். நன்றி. சீட்டின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி, என் பழைய நாட்குறிப்பில் ஒட்டிவிட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, மீதி 19 டாலர் 60 சென்ட்டையும் எழுதச் சொல்கிறார்.